அவர் அடுக்கி வைத்த அறை

கல்யாணமாகி நான் கச்சிராயபாளையம் வந்தபோது அந்த வீட்டில் எனக்குப் பிடிக்காத இடம் ஒன்றே ஒன்றுதான். சமையலறையை ஒட்டியிருந்த சாமான் அறை. ஜன்னல் கிடையாது. மூன்று பக்கமும் கடப்பைக்கல் தட்டுகள். தட்டு நிறைய டப்பாக்கள், பாட்டில்கள், வாய் கட்டிய துணிப்பைகள். எல்லாவற்றுக்கும் மேலே பரணில் மூடி போட்ட பெரிய தகர டின்கள் வரிசையாக நின்றன. இதையெல்லாம் அடுக்கியது மாமியார் என்றால் புரிந்துகொண்டிருப்பேன். அவர் எப்போதோ காலமாகிவிட்டார். அடுக்கியவர் என் கணவர்.

அவர் கோமுகி அணை ஆபீஸில் ஸ்டோர் கீப்பர். பகலெல்லாம் அங்கே கம்பிக்கும் கயிற்றுக்கும் மண்வெட்டிக்கும் காவல். வீட்டுக்கு வந்தால் பருப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் காவல். ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற ஆண்கள் கறிக்கடைக்குப் போவார்கள். இவர் டப்பாக்களை முற்றத்தில் இறக்கி வைத்து, பருப்பில் காய்ந்த மிளகாய் போட்டு, அரிசியில் வேப்பிலை மாற்றி, ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்ப்பார். சத்தத்தை வைத்தே எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

நான் ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பது குழம்பு கொதிக்கும்போதுதான் தெரியும். பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்க் கை நிறைய வாங்கிவந்தால் தீர்ந்தது பிரச்சினை. அப்படி வளர்ந்தவள் இந்த வீட்டில் ஒரு தீப்பெட்டி எடுத்ததற்கே மாட்டிக்கொண்டேன்.

"இன்னா, பின்னாடியிருந்து எடுத்துட்ட?"

"தீப்பெட்டிதானேங்க. எல்லாம் ஒண்ணுதானே?"

"பழசு முன்னாடி இருக்கும், புதுசு பின்னாடி இருக்கும். முன்னாடி இருக்குறத எடுத்துக்கினு வந்தா எதுவும் கெட்டுப்போவாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அன்று எனக்கு முகம் தூக்கிக்கொண்டது. அடுத்த முறை அம்மா வீட்டுக்குப் போனபோது, "ரேஷன் கடையில கட்டிக் குடுத்துட்டியே" என்று அழாத குறையாகச் சொன்னேன். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

பரணில் இருந்த டின்களை நான் தொட்டதே இல்லை. "அதுல அவசரத்துக்கு வேண்டியது இருக்குது. தேவைப்பட்டா எறக்கிக்கோ" என்று ஒருமுறை சொல்லியிருந்தார். அவசரத்துக்கு என்ன வேண்டியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் பேச்சே கம்மிதான். ஒரு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தும், இந்த மனிதர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. போகிற இடமெல்லாம், "விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்று என்னைக் கேட்டார்கள். கேட்காத ஒரே ஆள் அவர். அதுகூட எனக்கு ஒரு குறையாகத்தான் தோன்றியது. குழந்தை வேண்டும் என்ற நினைப்பே இல்லாத மனிதரோ என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம்தான் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. சுவரெல்லாம் எழுத்து. டீக்கடையில் வேறு பேச்சில்லை. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த என் தம்பியும் ஊரில் அதோடு சுற்றிக்கொண்டிருந்தான். புரட்டாசி பிறந்ததும் ஒரு வாரம் சாலை மறியல் என்று சொன்னார்கள். அதற்கு முதல் நாள் என் கணவர் ஆபீஸ் வேலையாக சேலம் போயிருந்தார். ராத்திரி வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வரவில்லை.

விடிந்து பார்த்தால் எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே ரோட்டின் குறுக்கே, வெட்டிச் சாய்த்த ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. விழும்போது கரண்ட் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. கள்ளக்குறிச்சி வரைக்கும் இப்படித்தான், கூப்பிடு தூரத்துக்கு ஒரு மரம் என்றார்கள். மரத்தருகே பத்துப் பதினைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் தெரிந்த முகங்கள்தான்.

வெள்ளிமலையிலிருந்து இறங்கிய முதல் பஸ் அந்த மரத்தைப் பார்த்து நின்றது. திருப்பிக்கொண்டு போகலாம் என்றால் பின்னாலும் ஒரு மரத்தைச் சாய்த்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் சத்தம் போட்டுவிட்டு, பயணிகள் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். சிலர் கள்ளக்குறிச்சிப் பக்கம், சிலர் வந்த வழியே மலைக்கு. பஸ்ஸை விட்டுப் போக முடியாத டிரைவரும் கண்டக்டரும் மட்டும் நின்றார்கள். அவர்களோடு ஒரு மலைக் குடும்பமும் நின்றது. கணவன், மனைவி, அந்தப் பெண்ணின் தாய். பெண்ணுக்கு நிறைமாதம். பெரியாஸ்பத்திரிக்குப் போகத்தான் கிளம்பி வந்திருக்கிறார்கள். அவள் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து, இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போய் எல்லோரையும் வீட்டுக்குள் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"வூட்ல ஆம்பள இல்ல. யாரு எவருன்னு தெரியாது. இன்னும் எத்தினி நாளைக்கு இந்தக் கூத்தோ. கடையெல்லாம் மூடிட்டான். நீ பாட்டுக்கு அரிசிய அள்ளி வடிச்சிடாத. நாளைக்கு உனக்கே இல்லாம பூடும்."

அவள் சொன்னது நியாயம்தான். எனக்கும் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பெண் அதற்குள் எழுந்து வந்துகொண்டிருந்தாள். வாசல்படி ஏறும்போது அவளுக்கு வலி எடுத்தது. என் தோளைப் பிடித்தாள். அந்தப் பிடியில் எனக்கு யோசனையெல்லாம் போய்விட்டது.

மரத்தருகே உட்கார்ந்திருந்தவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து வந்தார். "மாட்டு வண்டி கட்டித் தரட்டுமாம்மா?" என்றார். பிறகு அவரே ரோட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வண்டி இன்னாத்துக்கு ஆவும், வழியெல்லாம் மரம்" என்று தலையைத் தொங்கப் போட்டார். "எங்க சண்ட உங்களாண்ட இல்லம்மா. நான் போயி நர்சம்மாவ இட்டுக்கினு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வயல் வழியாக நடையும் ஓட்டமுமாகப் போனார். ஊரின் கடைசியில் குடியிருந்த சுகாதார நர்ஸைத்தான் அப்படிச் சொன்னார்.

அவர்கள் வருவதற்குள் ஏதாவது வேண்டியிருக்குமே என்று சாமான் அறைக்குள் போனேன். ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பரணில் இருந்த டின்களை அன்றுதான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன்.

ஒவ்வொரு டின்னின் நெற்றியிலும், கீழேயிருந்து இருட்டில் தெரியாத ஒரு சொல் சுண்ணாம்பால் எழுதியிருந்தது. அரிசி, பருப்பு என்று இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ஒன்றில் 'மழை' என்று இருந்தது. பக்கத்தில் 'காய்ச்சல்'. அதற்கடுத்து 'இருட்டு'. அப்புறம் 'வந்தவங்க'. 'தீ' என்று ஒன்று. சுவரோரமாக, மற்றவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி, 'சாவு' என்று ஒன்று. அதைத் தொடக் கை வரவில்லை.

ஸ்டூல் மேல் நின்றபடி எல்லாவற்றையும் இன்னொரு முறை படித்தேன். இந்த மனிதர் சாமான்களை அடுக்கி வைத்திருக்கவில்லை. ஒரு குடும்பத்துக்கு என்னவெல்லாம் நேரலாமோ அவ்வளவையும் உட்கார்ந்து நினைத்துப் பார்த்திருக்கிறார். நினைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே தன்னால் முடிந்ததை வைத்திருக்கிறார்.

'இருட்டு' டின்னை இறக்கினேன். திரி நறுக்கிய அரிக்கேன் விளக்கு, கண்ணாடி உடையாமலிருக்க வைக்கோல் சுற்றியிருந்தது. மண்ணெண்ணெய்ப் பாட்டில், மெழுகுவர்த்தி, மெழுகுத்தாளில் சுற்றிய தீப்பெட்டிகள். எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டாலும் எடுக்கிற மாதிரி, விளக்கு முதலில், தீப்பெட்டி அதன் பக்கத்தில். 'வந்தவங்க' டின்னில் அவல், வெல்லம், காப்பித்தூள், பால்பவுடர், துவைத்து மடித்த போர்வைகள். அதை இறக்கும்போதுதான் பின்னால் இன்னொரு டின் இருப்பது தெரிந்தது. மற்றவற்றைவிடச் சின்னது, புதுசு. அதில் சுண்ணாம்பு எழுத்து தெளிவாக இருந்தது.

'பிறப்பு.'

திறந்தேன். பிரிக்காத பிளேடு பாக்கெட். சுத்தமான துணியில் சுற்றிய வெள்ளை நூல். சோப்பு. கிருமி மருந்து பாட்டில். விளக்கெண்ணெய். அவருடைய பழைய வேட்டிகள் இரண்டு, கஞ்சி போகத் துவைத்துச் சதுரம் சதுரமாகக் கிழித்து, ஓரம் தைத்து மடித்திருந்தன. தையல் கோணல் மாணலாக இருந்தது. அவரே தைத்திருக்கிறார். எப்போது தைத்தார்? நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாட்களிலா? அடியில் உள்ளங்கை அளவு ஒரு கம்பளிக் குல்லாய்.

ஒரு வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்காதவர். நான் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் முனகல் கேட்டது. எழுந்தேன்.

நர்சம்மா சேற்றுக் காலோடு வந்து சேர்ந்தார். அவருடைய பெட்டியை முதல் நாள்தான் மருந்து நிரப்ப கள்ளக்குறிச்சிக்கு அனுப்பியிருந்தாராம். வந்ததும் புலம்பிக்கொண்டேதான் கை கழுவினார்.

"புது பிளேடு இருக்குமாம்மா?"

"இருக்குதுங்க."

"நூலு?"

"இருக்குதுங்க."

"பழந்துணி, நல்லா துவைச்சது?"

நான் டின்னோடு கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். குல்லாயைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஓகோ, இந்த வூடா! ஒரு நாளு உங்க வூட்டுக்காரரு சைக்கிள்ல வந்தாரும்மா. பிரசவத்துக்கு வூட்ல இன்னா இன்னா இருக்கணும்னு ஒவ்வொண்ணா கேட்டுக்கினாரு. யாருக்குங்கன்னு கேட்டேன். சும்மா தெரிஞ்சிக்கலாம்னு சொல்லி, வெக்கப்பட்டுக்கினே போனாரு. நான் சொன்னத ஒண்ணு வுடாம வாங்கி வெச்சிருக்காரே மனுசன்!"

தண்ணீர் கொதிக்க வைக்க ஓடினேன்.

தூறல் பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்தியதும் அறை இருண்டது. அரிக்கேனைக் கொளுத்தி நான் பிடித்துக்கொண்டேன். பெண்ணின் தாய் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு தங்கள் ஊர்ச் சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள். கணவன் வாசலில் மழையில் நின்றான். உள்ளே வந்து நில் என்றாலும் கேட்கவில்லை. டிரைவரும் கண்டக்டரும் பின்கட்டில் வெந்நீர் போட்டார்கள். விறகு போதவில்லை. வெட்டிய புளியங்கிளை ஈரம், புகைந்ததே தவிர எரியவில்லை. மறியலில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் தன் வீட்டிலிருந்து காய்ந்த தென்னை மட்டைகளைத் தலையில் சுமந்து வந்து போட்டான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. முதலில் அழவில்லை. நர்சம்மா காலைப் பிடித்து முதுகில் தட்டினார். நான் விளக்கை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனேன். பிறகு வீல் என்று ஒரு சத்தம். வாசலில் நின்ற அப்பனுக்குக் கேட்டது. மரத்தருகே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்க வேண்டும். அங்கிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

ஓரம் கோணலாகத் தைத்த அந்த வேட்டித் துணியில் குழந்தையைச் சுற்றி என் கையில் கொடுத்தார் நர்சம்மா. குல்லாய் அவள் தலைக்குச் சரியாக இருந்தது. எங்கோ மாட்டிக்கொண்டு, சாப்பிட்டாரோ இல்லையோ தெரியாமல் இருக்கிற என் கணவர், இந்த அறையில் என் பக்கத்தில் நிற்கிறார் என்று தோன்றியது. அதுவரை அவரோடு இருந்த நாட்களில் ஒருநாளும் அவர் அவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை.

அதற்கப்புறம் நாட்கள் சோறு வடிப்பதிலேயே போயின. ஆறு பேருக்கு மூன்று வேளை. எங்கோ துப்பாக்கிச் சூடு என்று பேச்சு வந்தது. தெருவே வாயடைத்துக் கிடந்தது. தம்பி நினைப்பு ஒரு பக்கம், அவர் நினைப்பு ஒரு பக்கம். வேலை இருந்ததால் பிழைத்தேன். காலையில் எழுந்ததும் டப்பாக்களை விரலால் தட்டிப் பார்ப்பேன். அவருக்குக் கேட்கிற மாதிரி எனக்கும் கேட்க ஆரம்பித்தது. முன்னால் இருப்பதை எடுத்தபின் பின்னால் இருப்பதை முன்னுக்கு நகர்த்துவேன். முதலில் மண்ணெண்ணெய் கேட்டுத் தெருக்காரர்கள் வந்தார்கள். பிறகு தீப்பெட்டி, உப்பு, காய்ச்சல் மாத்திரை. கொடுத்தேன். பக்கத்து வீட்டு அக்காவும் பருப்புக்கு வந்தாள். போகும்போது முருங்கைக்கீரை ஒரு கட்டும் நாலு முட்டையும் வைத்துவிட்டுப் போனாள்.

தட்டுகளில் கல் தெரிய ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் குழந்தையின் அப்பன் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனான். "ஓடிட்டானா?" என்றார் கண்டக்டர். அவன் மாமியாக்காரி சிரித்தாள். மறுநாள் அவன் தன் ஆட்கள் சிலரோடு வந்து நின்றான். மலை ஏறி இறங்கியிருக்கிறான். சாமை அரிசி மூட்டை, பாட்டிலில் தேன், நார்த்தங்காய், ஒரு குடுவை புளி. "எங்க வூட்டு ஆளுங்க உங்க வூட்ல துன்றாங்க. சும்மா எப்படிங்க இருக்கறது?" என்றான். காலியான தட்டில் சாமை மூட்டையை அவனே தூக்கி வைத்தான்.

மரங்களை அப்புறப்படுத்தத் தொடங்குவதற்கு முன்பே என் கணவர் வந்துவிட்டார். ஆத்தூர் வரைக்கும் ஏதோ வண்டி, அங்கிருந்து தண்டவாளத்தோடு சின்னசேலம், அப்புறம் வயல் வரப்பில் நடை. கால் இரண்டும் வீங்கி, சட்டையெல்லாம் மண். வாசலில் பஸ் நிற்பதையும் உள்ளே தொட்டில் ஆடுவதையும் பார்த்து, வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தயங்கி நின்றார். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

தொட்டிலில் குல்லாயைப் பார்த்தார். கண் கலங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு நேராகச் சாமான் அறைக்குள் போனார். காலித் தட்டுகளைப் பார்த்து வருத்தப்படுவாரோ என்று நான் கதவருகே நின்றேன். அவர் ஒவ்வொரு தட்டாகத் தடவிக்கொண்டே போனார். திரும்பியபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எல்லாத்துக்கும் பத்துச்சா?"

"பத்துச்சுங்க."

"எது இல்லாம போச்சு? சொல்லு."

"எப்பிடிங்க இப்படியெல்லாம் நெனச்சீங்க?" என்று கேட்டேன். அவர் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு சொன்னார்.

"சின்ன வயசுல ஒரு வெள்ளத்துல எங்கம்மாவுக்கு ஜன்னி கண்டுச்சு. அப்பா ஊர்ல இல்ல. வூடு கும்மிருட்டு. தீப்பெட்டி எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. தேடுறேன் தேடுறேன், கெடைக்கல. அம்மா பொழச்சிக்கிட்டாங்க. ஆனா அந்தக் கை இருக்குது பாரு, அது இன்னும் தேடிக்கினேதான் இருக்குது."

அவருடைய அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

பஸ் ஓடத் தொடங்கியதும் தாயும் பிள்ளையும் முதல் வண்டியிலேயே மலை ஏறினார்கள். டிரைவர் எங்கள் வாசலில் ஹாரன் அடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். என் தம்பியும் பத்திரமாக இருப்பதாகத் தகவல் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே கள்ளக்குறிச்சிக்குப் போனோம். அதுவரை அவர் தனியாகத்தான் போவார். நிழலாக இருந்த ரோடு முழுக்க வெயில். இரண்டு பக்கமும் அடிமரங்கள், இன்னும் ஈரமாக, சிவப்பாக. பஸ்ஸில் யாரும் பேசவில்லை. அவர் மட்டும் என்னிடம் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். எது குறைந்தது, எது ஜாஸ்தியாகக் கிடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பத்துப் பேருக்கு வடிக்கிற பெரிய பாத்திரம் இல்லாமல் திண்டாடியதைச் சொன்னேன். பிள்ளை பெற்றவளுக்குக் கட்டிக்கொள்ள மாற்றுப் புடவை வேண்டும், அது உங்கள் டின்னில் இல்லை என்றேன்.

"அடடா" என்று தலையில் தட்டிக்கொண்டார். "அது எனக்குத் தோணவே இல்ல பாரு."

பாத்திரக் கடையில் ஒரு பெரிய அலுமினிய அண்டாவைத் தேர்ந்தெடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். பரணில் நிற்குமா, தட்டில் நுழையுமா என்று மனதுக்குள் அளந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத எங்க வைக்கலாம்? நீ சொல்லு."